ஊருக்குப் போகணும்... கோழியை யார் பார்த்துக்கொள்வார்கள்?

'வீட்டில் முப்பது நாட்டுக்கோழி இருக்கிறது. உறவினர் கல்யாணத்துக்குக்கூட இரண்டு நாள் சேர்ந்தாற்போல் போக முடியவில்லை. என்ன வழி?' என்று கேட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நினைவுக்கு வந்ததும் அது இரண்டு பக்கமாகிவிட்டது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் நண்பர் ஒருவரின் மொட்டை மாடி. ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடுவோம். சங்கமும் கிடையாது, தலைவரும் கிடையாது. எல்லோர் வீட்டிலும் கோழி உண்டு, அவ்வளவுதான். நான் நெல், மல்லாட்டை, கரும்பு என்று வயலில் காலம் தள்ளிய வேளாண் அலுவலர். கோழி எனக்கு வேலையல்ல, வீட்டுப் பழக்கம்.

அன்றைக்கு டீயோடு வந்த பேச்சு, யார் எந்த ஊருக்குப் போனோம் என்பது.

நீலக்கால் கோழியும் சாம்பல் கோழியும்

முதலில் பேசியவர் எழுபது வயதுப் பெரியவர். அப்பா பிரெஞ்சுப் படையில் சொல்தா. இவர் பிரான்சில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். "அங்க பிரெஸ்னு ஒரு வட்டாரம். அந்த ஊர்க் கோழிக்கு வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால். அப்படியே அவங்க கொடி நிறம்!" என்றார். அந்தக் கோழிக்கு 1957-லேயே சட்டப்படி ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. ஒரு கோழிக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் புல்வெளி விட்டால்தான் அந்தப் பெயரில் விற்கலாம். நம்மூர்க் கொல்லையில் மேயும் கோழிக்கு எந்தச் சட்டமும் இல்லாமலேயே அந்த வசதி கிடைக்கிறது என்று சிரித்தோம்.

"வான்கோழிக்கு பிரெஞ்சில் இருக்கிற பெயர், 'இந்தியாவிலிருந்து வந்தது'ங்கிற அர்த்தத்தில் வந்தது சார். ஆனா அது அமெரிக்காக் கண்டத்துப் பறவை" என்று அடுத்ததையும் எடுத்துவிட்டார். கோழி உலகமே ஊர்ப்பெயர்தான். லெகார்ன் என்பது இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம். பேண்டம் என்பது ஜாவாவின் பேண்டன். ரோட் ஐலண்ட் ரெட் அமெரிக்காவின் ஒரு மாநிலம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முதுமலையில் விடியற்காலையில் சாம்பல் காட்டுக்கோழியைப் பார்த்த கதையைச் சொன்னார். அந்தப் பறவையின் அறிவியல் பெயரில் நம்ம ஊர் வாசம் இருப்பது பலருக்குத் தெரியாது. கேலஸ் சொன்னெராட்டி என்ற அந்தப் பெயர், பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் நினைவாக 1813-இல் வைக்கப்பட்டது. 1782-இல் தன் இந்திய, சீனப் பயண நூலை வெளியிட்ட அவர், பின்னாளில் புதுச்சேரியில் பல வருடம் இருந்தவர். வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் பல வீட்டுக்கோழிகளின் தோலும் காலும் மஞ்சளாக இருப்பதற்கான மரபணு, இந்தச் சாம்பல் கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. (காட்டுக்கோழியைப் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆசைப்பட வேண்டாம்.)

"நான் எங்க சார் போனேன்?"

எல்லோரும் பேசி முடித்த பிறகும் வைத்திக்குப்பத்து அக்கா மட்டும் பேசவில்லை. கருவாட்டுத் தூளும் மீன் கழிவும் போட்டு நாற்பது கோழி வளர்ப்பவர். "நான் எங்க சார் போனேன்? பதினாலு வருஷமா ஒரு ராத்திரி வெளியில தங்கினதில்ல. அடுத்த மாசம் காரைக்கால்ல பொண்ணுக்குப் பிரசவம். பத்து நாளாவது கூட இருக்கணும். கோழியை வித்துடலாம்னு இருக்கேன்" என்றார்.

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அப்போதுதான் நான் இருபது வருடமாக யாரிடமும் பேசாத ஒரு விஷயத்தைச் சொன்னேன்.

நன்றிக்காக வாங்கி வந்த கோழி

அப்போது நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். அலுவல் வேலையாகப் பத்து நாள் வெளியூர் போனபோது, என் ஆறு கோழிகளைப் பக்கத்து வீட்டு அம்மா தன் இருபது கோழிகளோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டார். திரும்பும் வழியில் ஒரு சந்தையில் இரண்டு விடைக்கோழிகள் வாங்கி, நன்றியாக அவரிடம் கொடுத்தேன். அன்று மாலையே அவையும் மற்றவற்றோடு கூண்டில் அடைந்தன.

ஐந்தாம் நாள் காலை ஒரு கோழி இறக்கையைத் தொங்கவிட்டு நின்றது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. மறுநாள் இரண்டு கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. வெள்ளைக்கழிச்சல் நோய். வாரக் கடைசியில் புதுசு, பழசு எல்லாம் சேர்த்து நான்கே கோழி மிஞ்சின. முட்டை விற்றுத்தான் பேரனுக்குப் பள்ளிக்கூட வேன் காசு கட்டிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. நான் பேச்சின்றி நின்றபோது, "நீ நல்லதுக்குத்தானே தம்பி கொண்டாந்தே" என்றார். விவசாயப் பட்டம் பெற்ற எனக்கு அந்த வார்த்தை இன்னும் குத்துகிறது.

சில வருடம் கழித்துப் பயிற்சிக்காக உத்தராகண்டின் பந்த்நகருக்குப் போனேன். விடுமுறை நாளில் மலைமேல் ராணிக்கேத் ஊரைப் பார்க்க அழைத்துப் போனார்கள். கூட வந்தவர்கள் பனிமலையைப் பார்த்தார்கள். நான் ஊர்ப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைக்கழிச்சலுக்கு 'ராணிக்கெட்' என்று நாம் சொல்வது இந்த ஊரை வைத்துத்தான். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட நோய், அடுத்த ஓரிரு வருடத்தில் இங்கே பதிவானது.

அந்த இழப்பிலிருந்து வந்ததுதான் எங்கள் மாடிப் பழக்கம். தடுப்பூசிக் குப்பி பெரும்பாலும் நூறு டோஸுக்குக் குறைந்து கிடைப்பதில்லை. கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் தொண்ணூறு டோஸ் வீண். எனவே ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் போட ஆரம்பித்தோம். முதல் குப்பி அந்த அம்மாவின் வீட்டில்தான் திறக்கப்பட்டது.

முடிவானது என்ன?

இதைக் கேட்டதும், "அக்கா, கோழியை விக்காதீங்க. நாங்க முறை வெச்சுப் பார்த்துக்கறோம்" என்றார் பாகூர்த் தம்பி. காலையில் இருவர், மாலையில் இருவர் என்று அங்கேயே எழுதினோம். வாசகி கேட்ட கேள்விக்கும் அந்தப் பட்டியல்தான் பதில்.

*ஊருக்குப் போகும் முன்*

• இரண்டு வாரம் முன்பே தடுப்பூசியைச் சரிபாருங்கள். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் லசோட்டா, எட்டாம் வாரத்தில் இறக்கையில் ஊசி. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஊசிக்கு ஒரு வாரம் முன் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். நோயுற்ற கோழிக்கு ஊசி வேண்டாம்.

• மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் 2 முதல் 8 டிகிரி குளிரில் எடுத்து வாருங்கள்.

• தீனியை நாள்வாரியாகப் பொட்டலம் கட்டுங்கள். மேயும் கோழிக்கு நாளைக்கு 40–50 கிராம், அடைத்து வளர்ப்பதற்கு 100 கிராமுக்கு மேல். ஈரம் பட்ட பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு சேரும். அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

• நாற்பது கோழிக்கு நாளைக்குப் பத்து லிட்டர் தண்ணீராவது வேண்டும். வெயில் காலத்தில் இரு மடங்கு. இரண்டு இடத்தில் வையுங்கள்.

• அடை வைத்தால் 21 நாள் கணக்கு. பொரிக்கும் நாள் பயணத்தில் விழாமல் பாருங்கள்.

• பார்த்துக்கொள்பவருக்கென்று ஒரு ஜோடி செருப்பை உங்கள் வீட்டிலேயே வையுங்கள். அவர் தன் செருப்பை வாசலில் விட்டு, கை கழுவிவிட்டு உள்ளே வரட்டும். நோய்க்கிருமி செருப்பிலும் சாக்கிலும் கூண்டிலும் ஒட்டிக்கொண்டு வரும்.

*திரும்பி வந்த பின்*

• வெளியூர்க் கோழியை வாங்கி வந்தால் 21 நாள் தனி இடம், தனித் தண்ணீர்ப் பாத்திரம். உங்கள் கோழிகளைக் கவனித்த பிறகே அதன் பக்கம் போங்கள்.

• செத்த கோழியைத் தெருவிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள். உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

• உதவியவருக்கு நன்றியாக உயிருள்ள கோழி மட்டும் வேண்டாம்.

அக்கா காரைக்கால் போய்ப் பதின்மூன்று நாள் கழித்து வந்தார். பேத்தி பிறந்திருக்கிறாள். நாற்பது கோழியில் முப்பத்தொன்பது இருந்தன. ஒன்றைக் கீரிப்பிள்ளை தூக்கிப்போன நாள் பாகூர்த் தம்பியின் முறை. அவர் தலைகுனிந்து நின்றார். "போவுது விடு தம்பி, நீ இல்லன்னா நாற்பதும் போயிருக்கும்" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"அல்வாதான் சார். கோழி இல்ல, பயப்படாதீங்க."

உங்கள் தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? நான்கு பேர் சேர்ந்தால் போதும். சேர்ந்த பிறகு வரும் சந்தேகங்களைக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதுங்கள். பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.