எலும்பு கூடினால் போதுமா?

கால் இடறினால் எல்லோரும் கையைத்தான் ஊன்றுகிறோம். உடல் எடை முழுதும் மணிக்கட்டில் இறங்க, பெருவிரல் பக்கமுள்ள ஆர எலும்பின் நுனி முறிகிறது. எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, 1814-இல், டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் இம்முறிவை விவரித்தார். எலும்பு கோணலாகக் கூடினாலும் நாளடைவில் கை வலியின்றி அசையும் என்று அவர் நம்பினார். கொஞ்சம் தாராளமான நம்பிக்கைதான்.

பெரும்பாலும் ஆறு வாரம்போல மாவுக்கட்டு. கட்டுக்குள் இருக்கும்போதே விரல்களை மடக்கி நீட்டிவந்தால் பின்னால் பாடு குறையும். பிரித்த பிறகு மணிக்கட்டை மடக்கவும், உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் பழக வேண்டும். சில்லறை வாங்கக்கூட அந்தத் திருப்பம் வேண்டுமே!

இதெல்லாம் பலரும் அறிந்தது. பேசப்படாதது தொடு உணர்ச்சி. மணிக்கட்டின் குறுகலான சுரங்கம் வழியே நடு நரம்பு செல்கிறது. வீக்கம் அதை அழுத்தினால் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும், சுண்டுவிரல் தப்பிவிடும். லேசான அழுத்தம் விலகினால் உணர்ச்சி சீக்கிரம் திரும்பும். நரம்பிழை அறுந்திருந்தாலோ நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். விரல் நுனியை எட்ட மாதங்கள் ஆகும்.

வளர்ந்த இழைகளும் எப்போதும் பழைய இடத்திலேயே போய்ச் சேர்வதில்லை. வயரை மாற்றிக் கொடுத்த சுவிட்ச் பலகைபோல, ஒரு விரலைத் தொட்டால் மூளைக்கு இன்னொரு விரல் தோன்றலாம். அதனால் மூளைக்குத்தான் பாடம். கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் தடவுவது, திறந்து பார்ப்பது, மறுபடி மூடித் தடவுவது. பிறகு அரிசிக் கிண்ணத்தில் புதைத்த பொத்தானையும் நாணயத்தையும் பார்க்காமலே தேடி எடுப்பது. ஒரே மூச்சில் நெடுநேரம் செய்வதைவிட, சில நிமிடங்கள் வீதம் தினமும் பலமுறை செய்வது மேல்.

முறிவுக்குப் பிறகு வலி விடாதவர்களில் சிலருக்குக் கண்ணாடிப் பயிற்சியும் தருகிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் மாய வலிக்காக 1990-களில் கொண்டுவந்த முறை அது. நல்ல கையின் பிம்பத்தைப் பார்க்கும் மூளை, அடிபட்ட கையே அசைவதாக எடுத்துக்கொள்கிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை; செலவும் அதிகமில்லை.

உணர்ச்சி திரும்பும்வரை மரத்த விரலால் சூடான பாத்திரத்தைத் தொடாதீர்கள், சுட்டாலும் தெரியாது. கட்டுக்குள் மரமரப்போ வலியோ கூடிக்கொண்டே போனால் மறுநாள்வரை பொறுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.