ஊர்த் தச்சுக்கூடத்திற்கு ஒரு பட்டை ரம்பம்

தவழும் பருவம் கடந்த குழந்தை பிடித்து நடக்கும் நடைவண்டியை நாம் எல்லோரும் அறிவோம். மூன்று சக்கரங்கள், ஒரு சட்டம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. இவ்வளவே அதன் உறுப்புகள். ஆயினும் அதனைச் செய்ய முற்படும் புதியவர் சக்கரத்தில் வந்து நின்றுவிடுவார். கை ரம்பத்தால் நேர்க்கோட்டில் அறுப்பது ஓரளவு பழக்கத்தில் வந்துவிடும். வட்டமாக அறுப்பது அவ்வாறன்று. மூலைகளை ரம்பத்தால் வெட்டி நீக்கி, எஞ்சியதை வாய்ச்சியாலும் உளியாலும் செதுக்கி, அரத்தால் ராவி வட்டத்திற்குக் கொண்டுவர வேண்டும். கைதேர்ந்த தச்சருக்கு இது வேலை. ஓய்வு நேரத்தில் மரவேலை பயில விரும்பும் விவசாயிக்கோ, இளைஞர் மன்றத்துப் பையனுக்கோ இது பெருந்தடை. இந்தத் தடையை நீக்கும் இயந்திரங்கள் இரண்டு உள்ளன. அவற்றைப் பற்றியே இங்குக் கூற முற்படுகிறோம்.

முதலாவது பட்டை ரம்பம். கடைகளில் ‘பேண்ட் சா’ என்று கேட்டால் கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு சக்கரங்களின்மீது, நுனியும் அடியும் ஒட்டப்பட்ட ஒரு எஃகுப் பட்டை, கிணற்று இயந்திரத்தின் தோல்வார் போல இடையறாது ஓடுகிறது. பட்டையின் ஒரு விளிம்பில் பற்கள் உண்டு. அவை எப்பொழுதும் கீழ்நோக்கியே ஓடுவதால் மரம் மேசையின்மீது அழுத்தப்படுகிறதேயன்றி, வட்ட ரம்பத்தில் சில சமயம் நேர்வது போல அறுப்பவரை நோக்கி எறியப்படுவதில்லை. புதிதாகப் பயில்வோருக்கு இது ஒரு பெரிய அனுகூலம். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 1808-ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்கு உரிமை பெற்றார். ஆனால் வளைந்து வளைந்து ஓடும் பட்டையின் ஒட்டு அடிக்கடி விட்டுப்போனமையால் இயந்திரம் நடைமுறைக்கு வரவில்லை. 1846-இல் பிரான்சு நாட்டில் கிரெபென் என்னும் பெண்மணி ஒட்டும் முறைக்கு உரிமை பெற்ற பின்னரே அதற்கு உயிர் வந்தது. இன்றும் இந்த இயந்திரத்தின் பலவீனம் அந்த ஒட்டில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்தல் நன்று.

இரண்டாவது, ‘ஸ்க்ரோல் சா’ என வழங்கும் சிறு ரம்பம். இதில் ஏறத்தாழ 5 அங்குல நீளமுள்ள மெல்லிய அலகு ஒன்று இரு முனைகளிலும் பிடிக்கப்பட்டு, தையல் இயந்திரத்து ஊசியைப் போல மேலும் கீழும் ஓடும். ஆகவே இக்கட்டுரையில் இதனை ஊசி ரம்பம் என்றே குறிப்போம். பெயர்ப்பலகை எழுத்துகள், பூவேலைச் சட்டங்கள், மரப் பொம்மைகள் முதலியவற்றிற்கு இது ஏற்றது. முக்கால் அங்குலப் பலகை வரை சுகமாக அறுக்கும். அதற்குமேல் பொறுமையைச் சோதிக்கும்.

இரண்டில் எதனை முதலில் வாங்குவது? பள்ளிச் சிறுவர்களும் பெண்களும் கைவேலையாகப் பயில வேண்டுமெனில் ஊசி ரம்பமே முதலிற் போதும். விலை குறைவு, இடம் சிறிது, அபாயமும் மிகக் குறைவு. நடைவண்டி, ஏணிப்படி, மண்வெட்டிப் பிடி, ஏர் உறுப்புகள் என்று ஊருக்குப் பயன்படும் பொருள்களைச் செய்ய வேண்டுமெனில் பட்டை ரம்பமின்றி நடவாது. இரண்டையும் ஒரே நாளில் வாங்கி இரண்டையும் சரிவரப் பயிலாமல் விடுவதைக் காட்டிலும், ஒன்றை வாங்கி ஓராண்டு உழைப்பது மேல் என்பது எமது கருத்து.

பட்டை ரம்பத்தின் அளவைச் சக்கரத்தின் விட்டத்தால் கூறுவர். 14 அங்குல இயந்திரம் ஊர்க் கூடத்திற்குப் பொருத்தமானது. பட்டைக்கும் தூணுக்கும் இடையே அகப்படும் பலகையின் அகலம் ஏறத்தாழச் சக்கர விட்டத்தின் அளவே இருக்கும். மேசையிலிருந்து எவ்வளவு உயரமுள்ள மரம் நுழையும் என்பதையும் கேட்டறிய வேண்டும். 6 அங்குலமேனும் நுழைதல் நலம். 1 குதிரைத் திறன் மோட்டார் இதற்குப் போதுமானது. 8 அல்லது 9 அங்குலச் சக்கரமுள்ள மேசை இயந்திரங்கள் மலிவாகக் கிடைப்பது உண்மையே. ஆனால் சிறிய சக்கரத்தில் பட்டை மிகக் கூர்மையாக வளைந்து விரைவில் விரிசல் காணும். மெல்லிய பட்டைகளையே அவற்றிற்கு உபயோகிக்க வேண்டும்.

பழைய இயந்திரம் வாங்குவோர் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். நாம் கண்ட ஒரு கூடத்தில், நகரத்து வியாபாரி ஒருவரிடம் வாங்கிய பழைய பட்டை ரம்பம் பளபளக்கும் புதுப் பச்சை வர்ணத்துடன் வந்து இறங்கியது. மாலை சூட்டி ஓட்டத் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில் பட்டை சக்கரத்தைவிட்டுக் கழன்றது. மீண்டும் மாட்டினர், மீண்டும் கழன்றது. ஆறு மாத காலம் அதன்மேல் சாக்கு மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. பிறகு வந்த கடைசல் தொழிலாளி ஒருவர் மேற்சக்கரத்தைக் கையால் அசைத்துப் பார்த்தார். அது இடமும் வலமும் ஆடியது. பேரிங்கு தேய்ந்திருந்தது, சக்கர விளிம்பில் ஒட்டியிருக்கும் ரப்பர் வார் காய்ந்து, கல்லாகி, சில இடங்களில் பெயர்ந்தும் இருந்தது. இரண்டையும் மாற்றிய பின்னர் அந்த இயந்திரம் ஒழுங்காக ஓடிற்று. வாங்குமுன் மேற்சக்கரத்தை அசைத்துப் பார்த்து, ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்திருந்தால் ஆறு மாதம் வீணாகியிராது. வர்ணத்தைப் பார்த்து மாட்டையும் வாங்குவதில்லை, இயந்திரத்தையும் வாங்கலாகாது. மற்றொன்று: மேசையில் ஒரு மூலைமட்டத்தை வைத்துப் பட்டைக்கு நேர்செங்குத்தாக மேசை நிற்கிறதா என்றும் காண்க.

பஞ்சாயத்து வாங்குவதாயின், 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்திற்கு இணங்க நடத்தல் வேண்டும். கிராமத் தொழில்களும் தொழில்நுட்பப் பயிற்சியும் அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்கு உரியனவாகக் குறிக்கப்பட்ட 29 விஷயங்களுள் அடங்குவன. ஆகையால் உறுப்பினர்கள் இதனை வீண்செலவு என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் விலைப்புள்ளி கேட்கும்போதே ஒரு டஜன் உதிரிப் பட்டைகளையும் சேர்த்துக் கேட்பது புத்திசாலித்தனம். பட்டை இல்லாமல் நிற்கும் ரம்பங்களின் எண்ணிக்கை, பழுதாகி நிற்பவற்றினும் அதிகம் என்பது எமது அனுபவம்.

மின்சார விஷயத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். விவசாயப் பம்பு செட்டுக்கு வழங்கப்பெறும் இலவச மின்சாரத்தில் இவ்வியந்திரத்தை ஓட்டலாகாது. அனுமதித்த நோக்கத்திற்கு மாறாக மின்சாரத்தை உபயோகிப்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்கீழ் வருகிறது. தனி இணைப்பு பெற்று, முறையாக நிலத்தொடர்பு கொடுத்து, சுவிட்சை நின்ற நிலையிலேயே கைக்கெட்டும் இடத்தில் பொருத்த வேண்டும். முழு மரங்களை அறுக்கும் பெரிய பட்டை ரம்பத்தின் கதை வேறு. ரம்ப ஆலைகள் வனத்துறையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. 1996-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் இக்கட்டுப்பாடு மிகவும் இறுகியது. எனவே கூலிக்கு மரம் அறுத்துத் தரும் எண்ணம் சிறிதேனும் இருந்தால், முன்பணம் கொடுக்குமுன் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்து விடுக.

இனி பட்டைகளைப் பற்றிக் கூறுவோம். இயந்திரத்தின் வேலை பாதி பட்டையில்தான் இருக்கிறது. பட்டையின் நீளத்தைக் கணக்கிடுவது எளிது: சக்கரத்தின் சுற்றளவோடு, இரு சக்கர மையங்களின் இடைத்தூரத்தை இரட்டித்துக் கூட்ட வேண்டும். 14 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 44 அங்குலம். மையங்களின் தூரம் 24¾ அங்குலமாயின் அதன் இரட்டிப்பு 49½. ஆக நீளம் 93½ அங்குலம். மேற்சக்கரத்தை அதன் ஓட்டத்தின் நடுவில் நிறுத்தி இதனை அளக்க வேண்டும்.

பட்டையின் அகலம் வளைவைப் பொறுத்தது. ¼ அங்குலப் பட்டை ஏறத்தாழ ⅝ அங்குல ஆரமுள்ள வளைவைச் சுற்றும். ⅜ அங்குலப் பட்டைக்கு ஏறத்தாழ 1½ அங்குல ஆரம் வேண்டும். ½ அங்குலப் பட்டைக்கு 2½ அங்குலம். நடைவண்டிச் சக்கரம் 4 அங்குல விட்டமுடையது என்று கொள்வோம். அதன் ஆரம் 2 அங்குலம். ஆகவே ½ அங்குலப் பட்டை அதற்கு ஆகாது. ⅜ அங்குலம் நன்கு சுற்றிவரும். இக்கணக்கை மறந்து அகலப் பட்டையை வலிந்து திருப்புவதால்தான் பட்டை முறுக்கி உடைகிறது. மரத்தை நீளவாக்கில் பலகையாகப் பிளப்பதற்கு மாறாக அகலப் பட்டையே வேண்டும். அங்குலத்திற்கு 3 அல்லது 4 பற்கள் போதும். பல் நெருங்கினால் மரத்தூள் வெளியேற இடமின்றிப் பட்டை சூடேறும். மெல்லிய பலகைக்கு எப்பொழுதும் 3 பற்களேனும் மரத்தினுள் இருக்கும்படி நெருக்கமான பல் வேண்டும்.

பட்டையை மாட்டும் ஒழுங்கு மாறலாகாது. மின்தொடர்பைத் துண்டித்த பின், பற்கள் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் இருக்குமாறு பட்டையை மாட்டுக. மேல்நோக்கி இருந்தால் பட்டையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பினால் சரியாகும். இயந்திரத்துடன் வந்த குறிப்பில் கண்டவாறு பட்டையை இறுக்கிய பின், மேற்சக்கரத்தைக் கையால் சுழற்றி, அதன் சாய்வுத் திருகினால் பட்டை சக்கரத்தின் நடுவில் ஓடும்படி அமைக்க வேண்டும். இவை முடிந்த பிறகே பக்கத் தாங்கிகளை, ஒரு தாளின் தடிமன் அளவு இடைவெளி விட்டுப் பட்டைக்கு அருகே கொண்டுவருக. அவை பற்களைத் தொடலாகாது. பின்தாங்கியும் அவ்வாறே மயிரிழை விலகி நிற்க வேண்டும். மரம் தள்ளும்போது மட்டும் பட்டை அதில் படலாம். தாங்கியை முதலில் நெருக்கிவிட்டுப் பிறகு சக்கரத்தைத் திருத்த முற்படுவோர் நாள் முழுதும் திருகிக்கொண்டே இருப்பர்.

அறுக்குமுன் மரத்தைச் சோதிக்க வேண்டும். நம் ஊர் வேம்பிலும் புளியிலும் ஆணி இல்லாத மரம் அரிது. விளம்பரத் தகடு, மாட்டுக் கயிறு, வேலிக் கம்பி என்று எதற்கோ அடித்த ஆணி மரத்தினுள் புதைந்து கிடக்கும். ஒரு காந்தத்தை மரத்தின் மேல் நெடுகத் தடவினால் பல ஆணிகள் வெளிப்படும்; ஆழத்தில் புதைந்ததை மரத்தின் கருநீலக் கறை காட்டிக்கொடுக்கும். பச்சை மரம் பட்டையை நெருக்கிப் பிடிக்கும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு உலர்த்துவது என்பது பழைய கணக்கு. நம் வெயிலில் அதனினும் விரைவில் உலரும், ஆனால் நிழலில் உலர்த்தாவிடில் வெடிக்கும். பழகுவதற்குத் தூங்குமூஞ்சி மரமும் மாமரமும் ஏற்றவை. தம்மம்பட்டிச் சிற்பிகளும் தூங்குமூஞ்சியை விரும்பிக் கையாளுகின்றனர். பனையை அறுத்தால் அதன் நார் பட்டையின் கூரை விரைவில் மழுக்கிவிடும்.

விரல்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது பாவமாகும். பட்டை நிமிடத்திற்கு ஏறத்தாழ 3000 அடி வேகத்தில் ஓசையின்றி ஓடுகிறது. அந்த அமைதியே அபாயம். மேற்காப்பை மரத்திற்கு மேல் கால் அங்குலம் மட்டும் இருக்குமாறு தாழ்த்துக. கை எப்பொழுதும் பட்டையின் பாதைக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், நேரெதிரில் அன்று. கடைசி மூன்று அங்குலத்தை ஒரு தள்ளுகோலால் தள்ளுக. கையுறை பாதுகாப்பு என்று எண்ணி அணிவோர் உண்டு. அது பட்டையில் மாட்டிக் கையை இழுத்துக்கொள்ளும். வேட்டி நுனி, துண்டு, தொங்கும் சட்டைக் கை ஆகியவற்றிற்கும் இது பொருந்தும். உருண்டைக் கட்டையைத் தனியே பிடித்து அறுக்க ஒருபோதும் முனைய வேண்டாம். பட்டை பற்றியவுடன் அது உருண்டு கையையும் இழுத்துச் செல்லும். ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் குடைந்த தாங்கு கட்டையில் வைத்து இறுக்கியே அறுக்க வேண்டும். ஆழ்ந்த வளைவுகளில், வெளிவிளிம்பிலிருந்து முன்கூட்டியே சில குறு வெட்டுகள் இட்டுவைத்தால் கழிவுத் துண்டுகள் தாமே விழும்; பட்டையும் சிக்காது.

ஓடும்போது ‘டிக், டிக்’ என்று ஒரே சீரான ஓசை கேட்டால், ஒட்டிலோ பட்டையிலோ விரிசல் கண்டிருக்கிறது என்று அறிக. உடனே நிறுத்துக. பட்டை அறுந்தே போனால் விசையை நிறுத்தி விலகி நின்று, சக்கரங்கள் இரண்டும் முற்றிலும் நின்ற பிறகே கதவைத் திறக்க வேண்டும்.

ஊசி ரம்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். இதன் அலகை மீட்டினால் தம்பூரா நரம்பு போலத் தெளிவான நாதம் எழ வேண்டும். மந்தமாக ஒலித்தால் இறுக்கம் போதாது. சட்டத்தின் நடுவில் பூவேலை செய்ய, முதலில் சிறு துளை இட்டு அலகின் மேல்முனையைக் கழற்றித் துளையினுள் நுழைத்து மீண்டும் மாட்ட வேண்டும். முனையில் ஊசி குத்திய அலகுகளுக்குப் பெரிய துளை தேவைப்படும்; வெறும் முனை அலகுகளே நுண்வேலைக்கு உகந்தவை. இரு வகையையும் ஏற்கும் இயந்திரமாகப் பார்த்து வாங்குக. அலகுகள் உடைவது இயல்பு; அதற்காகப் பையன்களைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

மரத்தூளை எவரும் பொருட்படுத்துவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ஆம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமுள்ள கொட்டகையில் வேலை செய்தல் வேண்டும். அடிச்சக்கரப் பெட்டியில் சேரும் தூளை அன்றாடம் அகற்றுக. பட்டையில் படியும் பிசினை, இயந்திரம் நின்றிருக்கும்போது, சிறிது மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்துவிடலாம்.

வேலை முடிந்ததும் பட்டையின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுச் செல்ல வேண்டும். இரவெல்லாம் இறுகிய நிலையில் நின்றால் ரப்பர் ஓரிடத்தில் அமுங்கிப் பள்ளமாகும். ஆனால் தளர்த்தியதை மறந்து மறுநாட் காலை வேறொருவர் விசையைப் போட்டுவிடக் கூடும். ஆகையால் தளர்த்தியவர் ‘பட்டை தளர்ந்துள்ளது’ என எழுதிய சிறு அட்டையைச் சுவிட்சின்மேல் தொங்கவிடுவதும், கூடத்தின் சாவியும் அட்டையும் ஒருவர் பொறுப்பிலேயே இருப்பதும் வழக்கமாக வேண்டும்.