அட்டையின் கனம் தராசில் தெரியும்

கையால் வாழ்த்து அட்டை செய்பவர்கள் இப்போது காகிதம் வெட்டும் சிறு இயந்திரத்தை வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு பூவை அது பெரிதும் சிறிதுமாக நாலைந்து அளவில் வெட்டித் தரும். பெரியதை அடியில் வைத்து, இடையிடையே ஃபோம் டேப் ஒட்டி அடுக்கினால் பூ எழும்பி நிற்கும்.

இவர்கள் கடையில் முதலில் கேட்பது ஜி.எஸ்.எம். எவ்வளவு என்பதுதான். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை எத்தனை கிராம் என்பதே அது. ஜெராக்ஸ் தாள் 70, 80 இருக்கும், அடுக்கினால் துவண்டுவிடும். 200 முதல் 250 வரையுள்ள அட்டையே இதற்கு ஏற்றது. கனத்துக்குத் தக்கபடி கத்தியின் அழுத்தத்தை வைப்பார்கள். ஒரே கட்டில் கனம் கலந்திருந்தால் சில தாளில் வெட்டு விழாது. சரக்கு நம்மிடமே திரும்பி வரும்.

ஆகவே கட்டின் மேலுள்ள சீட்டை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். 16 தாளை எண்ணித் தராசில் வையுங்கள். காட்டும் கிராமே ஜி.எஸ்.எம். மழைக்காலத்தில் சில கிராம் கூடும், அது ஈரம். 240 என்று விற்ற அட்டை 210 காட்டினால் விலையைப் பேசுங்கள். மொத்த வியாபாரியாகிய நாமே இதைச் சொல்கிறோமே என்று வியக்க வேண்டாம்.

கட்டைப் படுக்கையாகவே அடுக்குங்கள். வளைந்த அட்டை இயந்திரத்தின் ஒட்டுப் பாயில் படியாது.