வியாபாரி தொகுத்த வழக்கு

இன்று அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த விக்கிரமங்கலம், 1850-ஆம் வருஷத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் அடங்கிய கிராமம். அக்காலத்தில் அந்தப் பக்கத்துக் குடியானவன் ஒருவனுக்கு மழை பொய்த்துக் கிஸ்தி பாக்கி நின்றதென்று வைத்துக்கொள்வோம். அவன் யாரிடம் போய் முறையிடுவது? தீர்வை வசூலிக்கும் தாசில்தாரிடத்திலேயே போலீஸ் அதிகாரமும் இருந்தது. அவருக்கு மேலிருந்த கலெக்டரே மாஜிஸ்திரேட்டும் ஆவார். அடித்தவனிடமே அடிபட்டவன் பிராது கொடுக்க வேண்டிய விசித்திரமான ராஜ்ய முறை அது. இப்படிப்பட்ட குடிகளின் துயரத்தைக் கடல் கடந்து பார்லிமெண்டு வரையில் கொண்டுபோனவர் வக்கீலுமல்லர், ஜமீன்தாருமல்லர். சென்னப் பட்டணத்து வியாபாரி ஒருவர்.

அவர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார். தெலுங்கில் காஜுலு என்றால் வளையல்கள். தந்தையார் சித்துலு செட்டியார் அவுரி வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். 1806-இல் பிறந்த லட்சுமிநரசு, கணக்கும் சரக்கும் தந்தையாரின் கடையிலேயே பழகினார். தந்தையாருக்குப் பின் வியாபாரத்தை இன்னும் விருத்தி செய்தார். அவ்வளவோடு நின்றிருந்தால், பட்டணத்துத் தனவந்தர்களில் ஒருவராக வாழ்ந்து, இரண்டு சத்திரங்கள் கட்டி, பேரன்மார்களுக்கு ஆஸ்தியை எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். நம்மவரில் பலர் அப்படித்தான் போனார்கள். அதைக் குற்றமென்று சொல்வாருமில்லை.

1844-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி செட்டியார் ‘கிரெஸண்டு’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையை வெளியிட்டார். ஹார்லி என்னும் ஆங்கிலேயர் அதற்கு ஆசிரியர். பணம் முழுதும் செட்டியாருடையது. ஹிந்துக்களின் நிலைமையைச் சீர்படுத்துவதே நோக்கமென்று பத்திரிகை அறிவித்துக்கொண்டது. அதன் விளம்பரத்திற்குக் கூடக் கோட்டைக் கெஜட்டில் துரைத்தனத்தார் இடம் தரவில்லை. அந்நாளில் கவர்னராயிருந்த ட்வீடேல் பிரபு சர்க்கார் பாடசாலையில் பைபிளைப் பாடமாக வைக்க முனைந்தபோது, 1846-இல் பட்டணத்து ஜனங்கள் கூட்டம் போட்டு ஆட்சேபித்தார்கள். அதிலும் செட்டியார் முன்னின்றார். லண்டனிலிருந்த டைரக்டர்கள் கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை.

அவர் செய்த யாவற்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்பதில்லை. மதம் மாறியவர்களுக்குப் பிதிரார்ஜித சொத்தில் பங்கு உண்டென்று 1850-இல் ஏற்பட்ட சட்டத்தை அவரும் அவருடைய நண்பர்களும் பலமாக எதிர்த்தார்கள். ஒருவன் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறான் என்பதைக் கொண்டு தகப்பன் சொத்தை மறுப்பது நியாயமென்று இன்று சொல்ல முடியாது. குடும்ப ஆஸ்தி கட்டுக் குலையாமலிருக்க வேண்டுமென்ற வியாபாரியின் கவலையும் பாதிரிமாரிடத்துக் கோபமும் அவ்விஷயத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

1852-இல் அவர் தோற்றுவித்த சென்னைச் சுதேசிகள் சங்கமே அவருடைய பெரிய காரியம். முதலில் கல்கத்தாவிலிருந்த பிரிட்டிஷ் இந்திய சங்கத்தின் கிளையாகத் தொடங்கிச் சீக்கிரத்திலேயே அது தனித்து நின்றது. கும்பினியின் சாஸனத்தைப் பார்லிமெண்டார் 1853-இல் புதுப்பிக்க இருந்த சமயம் அது. தீர்வைப் பளு, நியாய ஸ்தலங்களின் தாமதம், ரஸ்தாவும் நீர்ப்பாசனமும் கவனிப்பாரற்றுக் கிடந்த நிலை, கல்விக் குறைவு ஆகிய யாவற்றையும் எடுத்துச் சொல்லிச் சங்கத்தார் மனு அனுப்பினார்கள். மனு அனுப்பியதோடு செட்டியார் ஓயவில்லை. பார்லிமெண்டு அங்கத்தினரான டான்பி ஸீமோர் 1853-இல் சென்னைக்கு வந்தபோது, அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்று, குடிகளின் நிலைமையை நேரில் காணும்படி செய்தார். சரக்கைக் காட்டாமல் விலை பேசக் கூடாதென்பது வியாபாரி அறிந்த பாடமல்லவா!

1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் விவாதம் மூண்டது. வரி வசூலுக்காகக் குடிகளைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று ஸீமோர் உள்ளிட்டோர் கூறியதை முதலில் நம்பாதவர் பலர். முடிவில் சென்னையில் விசாரணைக் கமிஷன் ஏற்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அதில் அமர்ந்தார்கள். நேரில் முறையிட விரும்புவோர் பட்டணத்துக்கே வர வேண்டியிருந்தது. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டது 1856-இல்தான். விக்கிரமங்கலத்திலிருந்து ஒருவன் வருவதானால் ஏறத்தாழ 160 மைல் நடக்க வேண்டும், அல்லது கட்டை வண்டியில் உருள வேண்டும். அப்படியிருந்தும் ராஜதானியின் பல பாகங்களிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பிராதுகள் வந்து குவிந்தன.

விரல்களை இரு கட்டைகளுக்கிடையில் வைத்து நெரிக்கும் கிட்டி. கழுத்தைக் கால்விரலோடு கயிற்றால் பிணைத்து வெயிலில் குனிந்து நிற்கவைக்கும் அண்ணாந்தாள். இவை கதையல்ல, வசூலுக்காக வழங்கிவந்த முறைகளே என்று 1855-இல் வெளியான அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆனால் பழியெல்லாம் சுதேசிச் சிப்பந்திகள் தலையில் ஏறிற்று. வெள்ளைக்கார அதிகாரிகள் குற்றத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். இந்தத் தந்திரத்தைக் கார்ல் மார்க்ஸ் 1857-இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் எடுத்துக்காட்டினார். கீழுத்தியோகஸ்தன் கிட்டி பிடித்தான் என்பது மெய். அவன் கொண்டுவந்த பணம் எந்தக் கஜானாவில் சேர்ந்தது?

கும்பினியை நீக்கி ராணியாரே அரசை ஏற்க வேண்டுமென்றும் சங்கத்தார் கோரினார்கள். 1858-இல் அதுவும் நடந்தது. அக்கோரிக்கையைக் கண்டு சிரிப்பது நமக்கு எளிது. சுயராஜ்யம் என்ற சொல்லே அரசியல் மேடைக்கு வராத காலமென்பதை நினைத்தால் சிரிப்பு அடங்கும்.

முன்பு விளம்பரத்துக்கும் இடம் தராத சர்க்கார் பிற்பாடு அவருக்கு சி.எஸ்.ஐ. பட்டம் கொடுத்தது, 1863-இல் சென்னைச் சட்டசபையில் ஸ்தானமும் அளித்தது. பட்டம் வந்த வீட்டில் பணம் இருக்கவில்லை. பத்திரிகைக்கும் மனுக்களுக்கும் யாத்திரைகளுக்குமாகச் சித்துலு செட்டியார் சேர்த்ததும் மகன் சேர்த்ததும் கரைந்தன. அவுரியிலிருந்து பெருகிய ஐசுவரியத்தின் அடுத்த தலைமுறைப் பங்கு இவ்வாறே செலவாயிற்று. அந்த வீட்டாரின் சம்மதத்தை எந்தச் சரித்திர ஆசிரியனும் கேட்டு எழுதியதில்லை.

1868-இல் லட்சுமிநரசு செட்டியார் ஏழையாகக் காலமானார். சென்னையில் மறுபடி மகாஜன சபை கூடுவதற்கு 1884 வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று.