மலடு என்று விற்குமுன்

கெடாவின் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் செம்மறியாடு வளர்ப்போர் சிலர், சினை பிடிக்காத பெட்டையை மலடெனக் கருதி இறைச்சிக்கு விற்றுவிடுகின்றனர். பெரும்பாலும் குறை பெட்டையிடம் இல்லை. பேணும் முறையிலேயே இருக்கிறது.

குளிர்நாட்டுக் காட்டுச் செம்மறிகள் பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் இணைசேரும். விலங்குப் பூங்காவில் அடைத்து வளர்த்தாலும் அப்பருவ ஒழுங்கு எளிதில் மாறுவதில்லை. நமது நாட்டிலோ ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். ஆதலால், நாட்டுச் செம்மறியாகிய 'மாலின்' எம்மாதத்திலும் சினையுறும். 1970களில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் மர நிரைகளுக்கிடையே செம்மறி மேய்க்கும் சோதனைகளை நடத்தியபோது, இந்த இனத்தையே டார்செட் இனக் கிடாயுடன் கலந்து பெருக்கியது.

பருவம் தடையில்லையெனில், தடை யாது? முதலாவது, உடல்நிலை. மெலிந்த பெட்டை சினை பிடிப்பது அரிது. முதுகெலும்பைத் தடவிப் பார்த்தால் கூர்மையாகத் தட்டுப்படக் கூடாது. இணைசேர்ப்பதற்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே பிண்ணாக்கோ தவிடோ சேர்த்துக் கொடுப்பது நலம். முழு வளர்ச்சி பெறாத இளம் பெட்டையைக் கிடாயுடன் விடலாகாது.

இரண்டாவது, வயிற்றுப் புழு. கண்ணிமையின் உட்புறம் வெளுத்திருந்தால், புழு இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று அறியலாம். பனி உலர்ந்த பின்னரே மேய விடுங்கள். மாவட்டக் கால்நடை இலாகாவின் ஆலோசனைப்படி மருந்து கொடுங்கள். களைக்கொல்லி தெளித்த நிரைக்குள் ஆட்டை விடாதீர்கள்.

மூன்றாவது, கிடாய். ஏறத்தாழ 25 பெட்டைகளுக்கு ஒரு கிடாய் போதும். சினையுறாத பெட்டைக்குச் சுமார் 17 நாளுக்கு ஒரு முறை வேட்கை தோன்றும். ஓரிரு நாளில் தணிந்துவிடும். ஆகவே, கிடாயை 35 நாளேனும் மந்தையில் விட்டுவைக்க வேண்டும். தன் குட்டிகளுடனேயே அது இணையாதவாறு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அண்டைத் தோட்டத்தாருடன் மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது, காலம். சினைக்காலம் ஐந்து மாதம். கெடாவில் ஆண்டின் தொடக்கத்தில் வெயில் கடுமை. இலையுதிர்ந்து புல்லும் காய்ந்துவிடும். மே மாதத்தில் இணைசேர்த்தால் அக்டோபரில் குட்டி பிறக்கும். தாய் பால் கொடுக்கும் வேளையில் பசும்புல் கிடைக்கும். வறட்சி வருமுன் குட்டியும் பால் மறக்கும். மரங்கள் வளர்ந்து நிழல் அடர்ந்தால் கீழே புல் குறையும் என்பதையும் நினைவிற்கொண்டு மந்தையின் அளவை வரையறுத்துக்கொள்க.

இணைசேர்த்த நாளையும் குட்டி ஈன்ற நாளையும் குறித்து வையுங்கள். இருமுறை நல்ல நிலையில் கிடாயுடன் விட்டும் சினை பிடிக்காத பெட்டையை மட்டுமே கழித்துவிடலாம். அவசரப்பட்டு விற்ற பெட்டையோடு, அது ஈன இருந்த குட்டிகளும் குடும்பத்தின் கைவிட்டுப் போகும் என்பதை மறவாதீர்கள்.