களியக்காவிளையில் சட்டம், பாறசாலையில் கையேடு

குமரி மாவட்டத்துக் களியக்காவிளையும் கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலையும் ஒரே நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து அமைந்திருந்தாலும், 1956 நவம்பர் 1 முதல் இரு மாநிலங்களுக்கு உரியவை என்பதால், அரசு அலுவலகத்துக்கு நாற்காலி வாங்குவதும் வடிகால் கட்டுவதும் இங்கு இருவேறு விதிகளின்படி நடக்கின்றன.

பொதுப்பணத்தில் பொருளையோ, கட்டுமானப் பணியையோ, சேவையையோ வெளியாரிடமிருந்து அரசு பெறுவதே அரசுக் கொள்முதல் எனப்படுகிறது. இம்மூன்றின் எல்லைகள் பார்வைக்குத் தெளிவானவை. விதிகளுக்குள் நுழைந்தால் அப்படியில்லை. நடுவண் அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் கால்நடையும் மருந்தும் 'பொருள்' ஆகின்றன. நூலகத்துக்கு வாங்கும் புத்தகமோ, விந்தையாக, அவ்வகையில் சேராது. இயந்திரத்தை ஏற்றிவந்து நிறுவி, இயக்கப் பயிற்சியும் அளிக்கும் வேலை, கொள்முதலை ஒட்டி வருவதால், சேவையாகாமல் பொருளாகவே கொள்ளப்படுகிறது.

வகை தெரிந்தபின் மதிப்பு பார்க்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன்கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகளும், 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் அவகாசம் தர வேண்டும் என்கின்றன. கேரளத்தில் இத்தகைய தனிச்சட்டம் இல்லை. பொருள்களுக்குக் கொள்முதல் கையேடும் கட்டுமானத்துக்குப் பொதுப்பணித் துறைக் கையேடும் வழிகாட்டுகின்றன. ஊராட்சிப் பணிகளுக்கு 1997-இல் வந்த விதிகளோ, ஒப்பந்தக்காரரைத் தவிர்த்து, பயனாளிகள் குழுவிடமே வேலையை ஒப்படைக்கவும் இடமளிக்கின்றன. பாறசாலைப் பக்கத்து ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும்.

மதிப்பை வைத்து வகுப்பதில் ஒரு பலவீனம் உண்டு. ஒரே சாலையின் மதிப்பீட்டைப் பல துண்டுகளாக்கினால், ஒவ்வொரு துண்டும் உயர் அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படாத சிறு வேலையாகிவிடுகிறது. மேலிட ஒப்புதலைத் தவிர்க்கத் தேவையைப் பிரித்து வாங்கக் கூடாது என்று பொது நிதி விதிகள் தடுத்தாலும், நிர்வாக விதியை மீறுவது வேறு, சட்டத்தை மீறுவது வேறு; நடுவண் கொள்முதலுக்கோ அப்படியொரு சட்டம் இல்லை. நாடு முழுமைக்கும் அல்லாமல் நடுவண் அரசின் கொள்முதலுக்கென மட்டும் 2012-இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட பொதுக் கொள்முதல் மசோதாகூட, 2014-இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

இரு மாநிலங்களுக்கும் உள்ள வேறுபாடு டெண்டரில் தோற்றவருக்கே உறைக்கும். தமிழ்நாட்டின் டெண்டர் முடிவில் குறைகாணும் ஒப்பந்தக்காரர், ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யச் சட்டமே உரிமை தருகிறது. பாறசாலைக்காரருக்கு அப்படியொரு சட்ட உரிமை இல்லாததால், எர்ணாகுளத்திலுள்ள உயர் நீதிமன்றத்துக்கே செல்ல நேர்கிறது.