தூளியும் தோழமையும்

முதற்குழந்தையை எதிர்பார்த்திருக்கும் இளந்தம்பதிகளின் மனத்தில், வளைகாப்பு முடிந்து பிரசவ காலம் நெருங்க நெருங்க, ஆனந்தத்தோடு கூடவே ஒரு பயமும் வளர்கிறது. வரப்போகும் சிசுவை ரட்சிப்பதற்குத் தங்களுக்குத் தெரிந்தது போதுமா என்ற கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்டுக்கொள்வதில்லை. ஆனால் அதற்கு விடை தேடிக் கடைவீதிக்குப் போகிறார்கள். அங்கே விடைகளுக்குப் பஞ்சம் இல்லை. தானே ஆடும் மின்சாரத் தொட்டில், பால்புட்டியை நீராவியில் அவிக்கும் இயந்திரம், தள்ளுவண்டி, வாக்கர் என்று அவசியமானவையும் அநாவசியமானவையும் ஒரே வரிசையில், ஒரே பளபளப்போடு அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இவை அனைத்தையும் வாங்கி நிறைத்துவிட்ட வீட்டிலும், குழந்தை பிறந்த பத்தாம் நாள் நள்ளிரவில் காரணம் புலப்படாமல் அது வீறிட்டு அழும்போது, "என் பிள்ளையும் இப்படித்தான் அழுதது, பயப்படாதே" என்று சொல்லக்கூடிய ஒரு குரலுக்காகவே தாயின் மனம் ஏங்குகிறது.

பிறக்கும் முன்னே குழந்தைக்கென்று ஒரு துணிகூட வாங்கலாகாது என்று நம் வீடுகள் பலவற்றில் பெரியவர்கள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அதற்கு அவர்கள் கற்பித்த காரணம் எதுவாயினும், அதனால் விளைந்த பலன் ஒன்று உண்டு. பாட்டி உடுத்தி உடுத்தி நைந்துபோன நூல்சேலை, தாத்தாவின் வேட்டியைக் கிழித்த துண்டுகள், பெரியம்மா வீட்டுப் பிள்ளை போட்டுக் கழித்த சட்டை என்று புதிதாய்ப் பிறந்த உயிரை முதன்முதலில் தழுவிய பொருள்கள் எல்லாம் யாரோ ஒருவர் கையால் கொடுத்தவையாகவே இருந்தன. பொருளோடு அதைக் கொடுத்தவரும் வந்தார்; வந்தவர் சிறிது நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். குழந்தை வளர்ப்புச் சாதனங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம், இன்ன பொருள் தாயின் பக்கத்தில் ஒரு மனிதரைக் கொண்டுவந்து சேர்க்கிறதா என்ற கேள்வியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

இந்த உண்மையை ஒரு தேசம் சட்டமாகவே இயற்றியிருக்கிறது. 1930-களில் பின்லாந்து வறுமை மிகுந்த நாடு. அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 65 குழந்தைகள் முதலாண்டு நிறைவதற்குள் மடிந்துகொண்டிருந்தன. 1937-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்து, மறு ஆண்டிலிருந்து வருமானம் குறைந்த தாய்மார்களுக்கு மகப்பேற்று உதவி வழங்கத் தொடங்கியது. ஓர் அட்டைப்பெட்டி நிறையக் குழந்தைத் துணிகளும், தாயே தைத்துக்கொள்வதற்கான துணிக்கட்டும், படுக்கையும் அதில் இருந்தன; பொருள்களை எடுத்துவிட்டால் பெட்டியின் அடியில் மெத்தையை விரித்து அதையே குழந்தையின் முதற்கட்டிலாக உபயோகிக்கலாம். 1949 முதல், ஏழை பணக்காரர் என்ற பேதமின்றித் தாய்மார் அனைவருக்கும் அது உரியதாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்கள்: கர்ப்பத்தின் நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவரையோ அரசாங்கத்தின் தாய்சேய் ஆலோசனை நிலையத்தையோ நேரில் சென்று பார்த்திருக்க வேண்டும். பெட்டியை விரும்பிப் போன பெண்ணுக்கு அங்கே தன் உடல்நிலையைத் தொடர்ந்து கவனிக்கும் செவிலி ஒருத்தி கிடைத்தாள். சிசு மரணம் பிற்காலத்தில் குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு, பெட்டி ஒன்றே காரணம் என்பது மிகையாகும். எனினும் ஒரு பொருளைக் கொண்டு ஓர் உறவைத் தொடங்கி வைத்த அந்த நிபந்தனையே திட்டத்தின் உயிர்நாடி என்பது என் திடமான அபிப்பிராயம்.

நம் தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்மாருக்கு 2015 முதல், பதினாறு பொருள்கள் அடங்கிய பெட்டகம் ஒன்று வழங்கும் திட்டம் ஏற்பட்டது. துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை ஆகியவற்றோடு தாய்க்கென்று கை கழுவும் திரவமும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் அதில் இடம்பெற்றன. குழந்தைக்கான பெட்டியில் தாயின் உடம்பையும் நினைத்து ஒரு லேகியத்தை வைத்தவர் யாராயினும் அவர் பிரசவ வீட்டை நன்கு அறிந்தவராகவே இருக்க வேண்டும். கொசுவலையையும் கை கழுவும் திரவத்தையும் விட அவசியமான சாதனங்கள் எந்தப் பெரிய கடையிலும் கிடைப்பது அரிது.

நம்மிடமே இருந்து நாம் மறக்கத் தொடங்கிவிட்ட ஒரு பொருளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாலாடை என்றும் சங்கு என்றும் நாம் அழைக்கும் அந்தச் சிறு கிண்ணம், ஒருபுறம் அகன்று மறுபுறம் நீண்ட மூக்காகக் குவிந்திருக்கும். தாயின் முலையில் நேரே குடிக்க வலுவில்லாத குறைமாதக் குழந்தைக்குக் கறந்த தாய்ப்பாலைப் புகட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. குழந்தையை மடியில் சாய்த்து நிமிர்த்தி உட்கார வைத்து, மூக்கின் நுனியை வாயின் ஓரத்தில் கீழுதட்டின் மேல் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்துக் காத்திருக்க வேண்டும், ஊற்றலாகாது. குழந்தை தானே உறிஞ்சி விழுங்கியபின் அடுத்த சொட்டு. மூலை முடுக்கில்லாத ஒரே பாத்திரமாகையால், கழுவிக் கொதிநீரில் போட்டெடுத்தால் அழுக்கு தங்க இடமில்லை. பால்புட்டியின் ரப்பர்க் காம்பிலும் கழுத்திலும் தங்கும் கிருமிகளோ எண்ணற்ற வயிற்றுப்போக்குகளுக்குக் காரணம். பால்மாவையும் பால்புட்டியையும் விளம்பரம் செய்வதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா முழுவதும் தடை செய்திருக்கிறது என்பதைப் புதுப் பெற்றோர் அநேகர் அறியார். பச்சிளங் குழந்தை மருத்துவப் பிரிவுகளில் இன்றும் செவிலியர் பாலாடையைத்தான் தாயின் கையில் கொடுத்துப் புகட்டக் கற்றுத் தருகிறார்கள்.

தூளியைப் பற்றிச் சொல்லும்போது அன்போடு எச்சரிக்கையும் கலந்தே வருகிறது. உத்தரத்துக் கொக்கியிலிருந்து தொங்கும் அம்மாவின் சேலை, துணி மூடிக்கொள்ளாதபடி மேலே குறுக்காகச் செருகிய கட்டை, அருகில் அமர்ந்து ஆட்டுபவரின் தாலாட்டு ஆகிய யாவும் சேர்ந்ததுதான் தூளி. ஆட்டுபவர் எழுந்து போய்விட்டால் அது வெறும் வளைந்த துணி. பச்சிளங் குழந்தை இரவில் கெட்டியான, சமமான படுக்கையில், முகத்தருகே தலையணையோ தளர்ந்த போர்வையோ இல்லாமல், மல்லாந்து உறங்குவதே உத்தமம் என்று வைத்திய சாஸ்திரம் இன்று ஐயமறச் சொல்கிறது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி நடந்த பிரசாரத்தின் பின், உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் அந்நாடுகளில் பாதிக்கும் கீழே குறைந்தன. ஆகவே பகலில், கண்ணெதிரில் மட்டும் தூளி இருக்கட்டும். உபயோகம் முடிந்ததும் சேலையைச் சுருட்டி மேலே கட்டிவிடுவது அவசியம். தொங்கும் தூளியில் சுற்றி விளையாடி, கழுத்து இறுகி உயிரிழந்த பெரிய பிள்ளைகளின் செய்தி நம் நாளிதழ்களில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

வாக்கரை வாங்கவே வேண்டாம். சக்கரம் வைத்த வளையத்துக்குள் தொங்கவிட்ட குழந்தை, நடக்கக் கற்பதற்கு முன்னே ஓடக் கற்று, படிக்கட்டையும் அடுப்பையும் எட்டிவிடுகிறது. நடையோ முன்னேறுவதற்குப் பதில் தாமதப்படுகிறது. கனடா தேசம் 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் தச்சர்கள் செய்த மர நடைவண்டியின் இயல்பு வேறு. குழந்தை தன் காலில் தானே நின்று, பிடியைப் பற்றி, தன் பலத்தால் தள்ளினாலன்றி அது நகராது. இரண்டும் ஒன்றென்று எண்ணிப் பழையதைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்கியவர்கள் அநேகர்.

குளிப்பாட்டும் தொட்டி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, குளிப்பாட்டத் தெரிந்த ஓர் அம்மாள் வேண்டும் என்பதே என் பதில். மணையில் அமர்ந்து, நீட்டிய கால்களின் மேல் குழந்தையைக் கிடத்தி, புறங்கையில் வெந்நீரின் பதம் பார்த்து, ஒரு கையால் கழுத்தைத் தாங்கிக்கொண்டே மறு கையால் நீர் வார்க்கும் அந்த நிதானத்தை எந்தத் தொட்டியும் கற்றுத் தராது. ஆயினும் பெரியவர்கள் சொல்வதெல்லாம் வேதமாகிவிடாது. மூக்கை ஊதுவதும், மூச்சுத் திணறச் சாம்பிராணிப் புகை போடுவதும், நாக்கில் வசம்பு உரைப்பதும், பிறந்தவுடன் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பதும் விலக்க வேண்டியவை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டாம். ஓராண்டு வரை தேன் ஆபத்தானது. கையின் அனுபவத்தை வணக்கத்தோடு ஏற்று, இவற்றை மட்டும் மரியாதையாக மறுக்கக் கற்றுக்கொள்வதும் புதுத் தாய்க்குரிய சாமர்த்தியமே.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற நம் வழக்கத்தால் முதல் சில மாதங்கள் மனிதர்களுக்குக் குறைவில்லாமல் கழிகின்றன. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு கணவனின் ஊருக்குத் திரும்பி, அடுக்குமாடி வீட்டின் கதவு சாத்தப்பட்டு, கணவன் அலுவலகம் சென்றபின் அந்தப் பெண் அடையும் தனிமையை நான் மிகுந்த கவலையோடு நினைக்கிறேன். தாய் தொலைபேசியில் இருக்கிறாள். ஆனால் அவள் பிள்ளை பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அதே பருவத்தில் குழந்தை வைத்திருக்கும், அதே இரவுகளைக் கடந்துகொண்டிருக்கும் ஒருத்தியின் சிநேகம் இந்த இளந்தாய்க்கு இப்போது தேவைப்படுகிறது.

அந்தச் சிநேகிதியை எங்கே தேடுவது என்றால், புதன்கிழமை காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்பேன். நம் மாநிலத்தில் தடுப்பூசி போடும் நாள் அது. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம், பிறகு ஒன்பதாம் மாதம் என்று அட்டவணை வகுத்திருப்பதால், ஏறத்தாழ ஒரே நாளில் பிறந்த குழந்தைகள் மீண்டும் மீண்டும் அதே பெஞ்சில் சந்திக்கின்றன. ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே காத்திருக்கச் சொல்கிறார்கள். முதல் முறை, "பாப்பாவுக்கு எத்தனை வாரம் ஆச்சுக்கா?" என்று கேட்டவள், அடுத்த முறை, "போன தடவை காய்ச்சல் வந்துச்சா, என்ன செஞ்சீங்க?" என்று கேட்கிறாள், மூன்றாம் முறை கைப்பேசி எண்கள் பரிமாறப்படுகின்றன. அந்தக் காத்திருப்பைக் கைப்பேசித் திரையில் கழித்துவிடுவது பெரிய நஷ்டம். அங்கன்வாடியும், அடுக்குமாடியின் மாலைநேர முற்றமும் பின்னர் இந்தச் சிநேகத்தைத் தொடர்வதற்குரிய இடங்கள்.

பெண்கள் கூடிப் பேசுவதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு ஜார்க்கண்டும் ஒடிசாவும் விடை சொல்லும். அங்குள்ள மூன்று மாவட்டங்களின் கிராமங்களில், பெரும்பாலும் ஆதிவாசி மக்களிடையே, ஏக்ஜுட் என்ற தொண்டு நிறுவனத்தார் 2005 முதல் 2008 வரை பெண்கள் குழுக்களை மாதம் ஒருமுறை கூட்டினார்கள். நடத்தி வைத்தவள் அதே பகுதியைச் சேர்ந்த ஒரு பெண். மருத்துவம் படித்தவள் அல்லள். பிரசவத்தில் நேரும் கஷ்டங்களைக் கதைகளாலும் படங்களாலும் விளையாட்டுகளாலும் பேசி, எதை முதலில் சீர்செய்வது என்று அப்பெண்களே தீர்மானித்தார்கள். குழுக்கள் நடந்த பகுதிகளில் பச்சிளங் குழந்தைகளின் மரணம், நடவாத பகுதிகளைவிட 32 சதவீதம் குறைந்திருந்தது என்று 2010-இல் லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வெளியாயிற்று. மூன்றாம் ஆண்டில் தாய்மாரின் மனச்சோர்வும் கணிசமாகக் குறைந்திருந்தது. சேர்ந்து உட்கார்ந்து பேசுதல் என்ற எளிய காரியம் இத்தனை உயிர்களைக் காத்தது என்பதைப் படித்தபோது எனக்கு உண்டான உவகையை மறைக்க நான் விரும்பவில்லை.

அமெரிக்காவிலும், பால்புட்டியே நாகரிகம் என்று மருத்துவர்களே கருதிய காலத்தில், 1956-ஆம் ஆண்டு சிகாகோவின் புறநகர் ஒன்றில் ஏழு தாய்மார் ஒருவர் வீட்டில் கூடித் தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றித் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த வீட்டுக் கூடத்துச் சம்பாஷணையே பல தேசங்களுக்கும் பரவிய லா லெச்சே லீக் என்ற சங்கமாயிற்று.

தகப்பன்மாரை விட்டுவிட்டு இதைப் பேசலாகாது. பையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்தின் வாசலில் நிற்கும் இளைஞனுக்கும் தூக்கம் இல்லை, பயம் உண்டு. ஆனால் ஆண்கள் தமக்குள் சம்பளத்தைப் பற்றிப் பேசுமளவு பிள்ளையின் வயிற்று உப்புசத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேசத் தொடங்க வேண்டும். குழந்தையைப் பார்க்க வரும் நண்பர்களும், மூன்று மாதத்தில் சிறுத்துப்போகும் பட்டுச் சட்டைக்குப் பதிலாக ஒருவேளைச் சாப்பாட்டைக் கொண்டுவந்து, கைகளை நன்கு கழுவிக்கொண்டு, தாய் குளித்துவிட்டு வரும் வரை பிள்ளையை வைத்திருந்தால் அதுவே சிறந்த பரிசாகும்.

இந்தத் தோழமைக்கு மற்றொரு காரியமும் உண்டு. பிரசவித்த முதல் சில தினங்களில் காரணமின்றிக் கண்ணீர் வருவது சகஜம். அது தானே அடங்கிவிடும். இரண்டு வாரம் கடந்தும் துக்கம் நீங்காமல், உறங்க நேரம் கிடைத்தும் உறக்கம் வராமல், பிள்ளையைக் காண மனம் இல்லாமல் ஒரு தாய் இருப்பாளாயின் அது சிகிச்சைக்குரிய நோய். வீட்டார் அதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எண்ணிவிடக்கூடும். அவளோடு பெஞ்சில் அமர்ந்தவள்தான் பெரும்பாலும் முதலில் கண்டுகொள்கிறாள். கண்டுகொண்டவள் தயங்காமல் அவளைக் கிராம சுகாதாரச் செவிலியிடமோ மருத்துவரிடமோ கூட்டிச் செல்லலாம். 14416 என்ற அரசாங்கத்தின் மனநலத் தொலைபேசி எண்ணில், கட்டணமின்றி, இரவிலும் தமிழிலேயே பேசலாம்.